அவை வந்த கதை

நான் கடைசியாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பள்ளிக்கூடத்தில் இப்போது கீழ்வகுப்புகளுக்குப் படிப்பிப்பவர் வசந்தி. போன கிழமை லிங்கநகரில் என் வீட்டுக்கு ஒரு நீளமான சுருளோடு வந்து, அதை மேசையில் விரித்துக் காட்டினார். நிறம் நிறமாகப் படங்கள். காற்றால் பரவும் வித்து, நீரால் பரவும் வித்து, விலங்குகளால் பரவும் வித்து, வெடித்துப் பரவும் வித்து. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு. அம்பு போடாவிட்டால் எந்தப் பக்கம் போவதென்று வித்துக்குத் தெரியாது போலும்.

“ரீச்சர், எங்கட பள்ளிக்கூட மலருக்கு ஒண்டு எழுதித் தாங்கோ. உங்கட காலத்திலை இந்தப் பாடத்தை எப்பிடிப் படிப்பிச்சனீங்கள் எண்டு. இப்ப எங்களுக்குச் செயற்பாடு, மதிப்பீடு எண்டு கன வேலை. அப்ப சும்மா சொல்லிக் குடுத்திட்டுப் போயிருப்பியள், என்ன?”

தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். பதில் இதோ. நான் அந்தப் பாடத்தை முதன்முதலாகப் படிப்பித்தபோது அதை மதிப்பீடு செய்யப் பொலிஸ் வந்தது. ஒரு கடற்படைத் துரையும் கூட வந்தார். என் மாணவி ஒருத்தி பாடத்தில் ஒரு வரியைத் தவிர மிச்சத்தை ஒரு சொல் பிசகாமல் நெட்டுருப் பண்ணியிருந்தாள். அவ்வளவு நன்றாக நெட்டுருப் பண்ணியதால்தான் அவளுடைய தகப்பன் அப்போது பொலிஸ் காவலில் இருந்தார்.

யுத்தக் காலம் அது. சிங்கப்பூர் விழுந்துவிட்டது. யப்பான்காரன் அடுத்துத் திருகோணமலைக்குத்தான் வருவான் என்று ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பயிற்சிக் கலாசாலையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தேன். கரும்பலகையை மேலிருந்து கீழாக அழிக்க வேண்டும், பிள்ளைகளுக்கு முதுகு காட்டக் கூடாது, ஒரு மாம்பழம் நன்றாக வரையத் தெரிந்தால் எந்தப் பாடத்தையும் சமாளிக்கலாம். கலாசாலை எனக்குக் கற்றுத்தந்தது இவ்வளவும்தான். இந்த ஆயுதங்களோடு துறைமுகத்தைப் பார்த்தபடி நின்ற ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே தலைமை ஆசிரியர் நாகமுத்தர். ஊரில் பெரிய வாத்தியார் என்பார்கள். ஒல்லியான மனிதர், கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய வெள்ளைக் கோட்டு, தங்கப் பிரேம் கண்ணாடி. தமிழை அவர்தான் காப்பாற்றி வந்தார். அவரில்லாவிட்டால் தமிழ் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும் என்று அவரே பல தடவை சொல்லக் கேட்டிருக்கிறேன். வீட்டுப் பேச்சை எந்தப் பிள்ளையும் பள்ளிக்கூட வாசலுக்கு இந்தப் பக்கம் கொண்டுவரக் கூடாது. “ஐயா, தண்ணி விடாய்க்குது” என்று ஒரு பிள்ளை சொன்னால், அது “ஐயா, எனக்கு நீர் வேட்கை உண்டாயிற்று” என்று திருத்திச் சொல்லும் மட்டும் தண்ணீர் கிடையாது. அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பெரும்பாலும் தாகத்தோடுதான் இருந்தார்கள்.

யுத்தம் வந்ததும் அரசாங்கம் அவரை ஏ.ஆர்.பி. வார்டன் ஆக்கியது. விமானத் தாக்குதல் வந்தால் ஊரை வழிநடத்தும் வேலை. கைக்கு ஒரு பட்டி, தலைக்கு ஒரு இரும்புத் தொப்பி, கழுத்தில் தொங்க ஒரு விசில். தமிழுக்கு மட்டும் காவல் நின்றவர் அன்றிலிருந்து திருகோணமலைக்கும் காவல் நின்றார். தொப்பியைச் சாப்பிடும்போது மட்டும் கழற்றுவார் என்று அவருடைய மனைவி சொல்லக் கேள்வி. விசில் ஊதினால் பிள்ளைகள் வரிசையாக வெளியே ஓடி வேலியோரம் குப்புறப் படுக்க வேண்டும். படுத்திருக்கும் பிள்ளைகளுக்கு இடையில் நடந்து சட்டை கசங்காமல் படுப்பது எப்படி என்று விளக்குவார்.

அவருடைய அறை வாசலில் ஒரு பலகை தொங்கியது. “கதை பரப்பாதே.” அவரே எழுதியது. துறைமுகத்தில் என்ன நிற்கிறது, எது வந்தது, எது போனது என்று வாய் திறக்கக் கூடாது. எங்கள் யன்னலைத் திறந்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் கப்பல்தான். அதைப் பார்க்கலாம், ஆனால் பார்த்ததாகச் சொல்லக் கூடாது. கப்பல் என்ற சொல்லையே அவர் நிறுத்திவிட்டார். பாடத்தில் தவிர்க்க முடியாமல் வந்தால் ‘கலம்’ என்று சொல்ல வேண்டும். ஒற்றனுக்குச் செந்தமிழ் தெரிந்திருக்காது என்பது அவருடைய யுத்த தந்திரம்.

இந்த நிலவரத்தில்தான் நான் மூன்றாம் வகுப்புக்கு வித்துப் பாடம் எடுத்தேன். படம் கிடையாது, அம்பும் கிடையாது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புதர் மண்டிக் கிடந்த பற்றைக் காணிக்குள் கூட்டிப் போய், “எல்லாரும் அந்த வேலி மட்டும் நடந்து போட்டு வாங்கோ” என்றேன். வந்ததும் “இப்ப உங்கட பாவாடையையும் காற்சட்டையையும் பாருங்கோ” என்றேன். ஒவ்வொருவர் உடுப்பின் கரையிலும் நாயுருவி வித்து ஒட்டியிருந்தது. “ஆர் இதைச் சுமந்துகொண்டு வந்தது? நீங்கள்தானே. கூலியும் வாங்கேல்லை” என்றேன். பாடத்தின் கால்வாசி அங்கேயே முடிந்தது.

அடுத்து வெடித்த எருக்கலங்காய் ஒன்றை உயரப் பிடித்து ஊதினேன். வித்துகள் வெள்ளைப் பஞ்சோடு எழும்பிப் போயின. அந்தப் பஞ்சை எருக்கலையின் குடை என்று சொல்லிக் கொடுத்தேன். கடற்கரைக்குப் போய் உப்புத் தண்ணீரில் ஊறியும் முளை விட்டிருந்த ஒரு தேங்காயைத் தேடி எடுத்தோம். கடைசியாக வெடிக்காய். வாய்க்கால் ஓரம் ஊதாப் பூப் பூக்குமே, அதன் காய்ந்த நெற்று. எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்தால் சற்றுப் பொறுத்துப் படாரென்று வெடித்து வித்தை எறியும். அதற்குப் பிறகு பிள்ளைகளை வகுப்புக்குள் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் பெரிய வாத்தியார் தொப்பியோடு ஓடி வந்தார். யாரும் சாகவில்லை என்று தெரிந்ததும் சலித்துக்கொண்டார். பிறகு கரும்பலகையைப் பார்த்தார். நான் அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“ஆசிரியையே, எழுத்தின்றிக் கல்வி ஏது? விலகும்” என்று சுண்ணக்கட்டியை வாங்கி அவரே எழுதினார். அந்தக் கையெழுத்து இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

வித்துகள் ஓரிடத்தில் தோன்றும். அவை பிற இடங்களுக்குப் பரவும். அவை குடை விரித்துக் காற்றில் வரும். அவை கடலில் மிதந்து வந்து கரை சேரும். அவை மனிதரின் உடையில் ஒட்டி ஊருக்குள் நுழையும். அவை வெடித்துச் சிதறும். தக்க இடம் வாய்த்தால் அவை அங்கேயே நிலைகொள்ளும்.

“நாளைக்குள் மனனம் செய்க” என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகள் மனனம் செய்தார்கள். முதல் வரியில் மட்டும்தான் வித்து இருந்தது. மிச்சம் எல்லாம் ‘அவை’.

வெளியூரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். புத்தகத் தமிழில் அவை என்றால் ஆடு, மாடு, கதிரை, தேங்காய். எங்கள் பக்கத்துப் பேச்சில் அவை என்றால் ஆட்கள். “அவை வந்தவை, சாப்பிட்டவை, போட்டினம்” என்றால் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்து போனார்கள் என்று பொருள். எங்களுக்குள் இதில் ஒரு குழப்பமும் வராது, ஏனென்றால் புத்தகத்தில் இருப்பதை நாங்கள் ஒருவரும் வீட்டில் பேசுவதில்லை.

அன்றைக்குப் பூமணி பேசினாள். என் வகுப்பில் முன்வரிசைப் பிள்ளை. தகப்பன் சின்னராசா மீன்பிடிகாரர், தாய்க்கு வீட்டு வேலை. பின்னேரம் தாய் கிணற்றடியில் தண்ணீர் அள்ளும்போது இந்தப் பிள்ளை பக்கத்தில் நின்று பாடத்தை ஒப்புவித்திருக்கிறது. முதல் வரியை வீட்டுக்கு வரும் வழியில் மறந்துவிட்டது. மிச்சத்தை, தாய்க்கு விளங்கட்டும் என்று, வீட்டுப் பேச்சில் சொல்லியிருக்கிறது.

“அம்மா, அவை கடலாலை மிதந்து வருவினமாம். குடை விரிச்சுக் காத்திலையும் வருவினமாம். எங்கட சட்டையிலை ஒட்டிக்கொண்டு ஊருக்குள்ளை வந்திடுவினமாம். வெடியும் இருக்காம். நல்ல இடம் கண்டா இஞ்சையே இருந்திடுவினமாம்.”

“ஆரடி சொன்னது?”

“பெரிய வாத்தியார். கரும்பலகையிலை எழுதிப் போட்டவர்.”

யப்பான்காரனைப் பார்த்துக்கொண்டிருந்த ஊருக்கு வேறென்ன வேண்டும்? அரசாங்கத்தின் இரும்புத் தொப்பி போட்ட மனிதர் தன் கைப்பட எழுதிப் போட்டிருக்கிறார். கிணற்றடியில் இருந்து கதை கடற்கரைக்குப் போனது. சின்னராசா வலை தட்டிக்கொண்டிருந்த ஆட்களுக்குச் சொன்னார். அங்கிருந்து சந்தைக்கு. பொழுது படுவதற்குள் ஊரை விட்டுப் போகப் புறப்பட்டவர்களால் வண்டில்காரருக்குக் கிராக்கி ஏறிவிட்டது. வித்து பரவுவதைப் படிப்பிக்க நான் பற்றைக் காணிக்குள் அலைந்தேன். சும்மா கிணற்றடியில் போய் நின்றிருக்கலாம்.

கதை போகப் போக ஒரு சாமான் கழன்று விழுந்தது. அது பெரிய வாத்தியாரின் பெயர். கரும்பலகையும் போய்விட்டது. மிஞ்சியது சின்னராசாவும் கடலும். “அவை கடலாலை வருகினமாம், சின்னராசா சொன்னவர்.” சின்னராசா எங்கே போய் வருகிறவர்? கடலுக்கு. அப்படியானால் கண்டுதான் சொல்லியிருக்கிறார். கடைசியில் கதை பெரிய வாத்தியார் வீட்டுக்கு வந்தபோது அவருடைய மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். கேட்டதும் வாத்தியார் தொப்பியை மாட்டினார், பொலிசுக்கு ஓடினார். தான் காலையில் எழுதியது பின்னேரம் தன் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. பேச்சுத் தமிழில் வந்ததால் அடையாளம் தெரியவில்லை.

பொலிஸ் சின்னராசாவைக் கொண்டுபோனது. கடலுக்குப் போவதற்கு அரசாங்கம் கொடுத்திருந்த பாஸைப் பறித்துக்கொண்டது. பாஸ் இல்லாமல் வள்ளம் இறக்கினால் சுடுவார்கள். வள்ளம் இறங்காவிட்டால் அந்த வீட்டில் உலை இல்லை. அதைவிடப் பயங்கரம், கடலில் யாரையோ சந்தித்துவிட்டு வந்திருக்கிறான் என்று அவர்கள் சந்தேகப்பட்டார்கள். எதிரிக்கு உளவு பார்த்தவன் என்று முடிவானால் அந்த மனிதர் திரும்பி வரமாட்டார். அந்த நாட்களில் அதை யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த நாள் பூமணி தலை இழுக்காமல், கலைந்த முடியோடு வந்தாள்.

“ரீச்சர், அப்பாவைக் கொண்டு போட்டினம்.”

“ஆர் கொண்டு போனது?”

“அவைதான். பொலிஸ். அவை வருவினம் எண்டு அப்பா சொன்னவராம். அது நீங்கள் படிப்பிச்சதுதானே ரீச்சர்?”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாய்விட்டுச் சிரிப்பு வந்தது, அதே நேரத்தில் பயமும் வந்தது. நேரே பெரிய வாத்தியாரின் அறைக்குப் போனேன். பலகைக்குக் கீழே கதிரையில் தொப்பியோடு இருந்தார்.

“ஐயா, சின்னராசா சொன்னது யப்பான்காரரை இல்லை. எங்கட பாடத்தை. நீங்கள் எழுதின ‘அவை’யை.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

“ஆசிரியையே, நான் வார்டன். நான் எழுதியதால் ஊர் கலங்கிற்று என்றால் அரசாங்கத்தின் மதிப்பு என்னாவது? வித்து வேறு, யுத்தம் வேறு. உமது பணி இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளும்.”

அவ்வளவையும் இலக்கணப் பிழை இல்லாமல் சொன்னார். எனக்கு அந்த மனிதர் மேல் அப்படியொரு வெறுப்பு அதற்கு முன் வந்ததில்லை. இடைவேளை முடிந்து வகுப்புக்குப் போனபோது கரும்பலகை துடைக்கப்பட்டிருந்தது, மேலிருந்து கீழாக.

ஆனால் சின்னராசா காவலில் இருந்தபடி திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லியிருக்கிறார்: “பள்ளிக்கூடத்திலை போய்க் கேளுங்கோ.” கேட்க வந்தார்கள். கடற்படைத் துரை ஒருவர், ஒரு பொலிஸ் சார்ஜன், மொழிபெயர்க்க அரசாங்க அலுவலகமான கச்சேரியில் இருந்து ஒரு கிளாக்கர். சின்னராசாவை வாசலில் நிற்க வைத்தார்கள். முகம் வீங்கியிருந்தது. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. பெரிய வாத்தியாரின் கதிரையில் துரை இருந்தார். வாத்தியார் பக்கத்தில் விறைத்து நின்றார். பூமணியைக் கூப்பிட்டார்கள்.

“உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு பிள்ளை” என்றார் கிளாக்கர்.

பெரிய வாத்தியாருக்கு முன்னால் வீட்டுப் பேச்சுப் பேசக் கூடாது. எனவே பிள்ளை கைகட்டி நின்று செந்தமிழில் ஒப்புவித்தது. “அவை பிற இடங்களுக்குப் பரவும். அவை குடை விரித்துக் காற்றில் வரும். அவை கடலில் மிதந்து வந்து கரை சேரும்.” கிளாக்கர் வரிவரியாக இங்கிலீசில் சொன்னார். இங்கிலீசில் இந்த விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். ஆளுக்கும் தேங்காய்க்கும் அவர்களிடம் ஒரே சொல்தான். துரை குடை என்ற இடத்தில் நிமிர்ந்தார். கடல் என்ற இடத்தில் பேனாவை எடுத்தார்.

“எத்தனை பேர் எண்டு துரை கேக்கிறார்” என்றார் கிளாக்கர்.

பூமணி யோசித்தாள். “எண்ண ஏலாது.”

துரையின் முகம் வெளுத்தது. ஏற்கெனவே வெள்ளை, அதற்கு மேலும் வெளுத்தது.

“இப்ப அவை எங்கை இருக்கினம்?”

“என்ர பாவாடையிலை கொஞ்சப் பேர் இருக்கினம்” என்று சொல்லி, பிள்ளை பாவாடைக் கரையைத் தூக்கிக் காட்டியது. நாயுருவி. தாய்க்கு அதைப் பிடுங்கிவிட இரண்டு நாளாக மனமில்லை.

சார்ஜன் குனிந்து பார்த்தார். நான் இந்த இடத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் பெரிய வாத்தியார் தொண்டையைச் செருமினார். “இது தகப்பனைக் காப்பாற்றப் பிள்ளைக்கு யாரோ சொல்லிக் கொடுத்த தந்திரமாகவும் இருக்கலாம்” என்றார். கிளாக்கர் அதையும் மொழிபெயர்த்தார். வாசலில் சின்னராசா தலையைக் குனிந்தார். துரை பேனாவை மறுபடி எடுத்தார்.

ஓரத்தில் இருந்த நான் எழும்பினேன். குரலைச் சாந்தமாக வைத்துக்கொண்டேன்.

“ஐயா, எனக்கு ஒரு இலக்கணச் சந்தேகம்.”

பெரிய வாத்தியாரின் முகம் மாறிவிட்டது. இரும்புத் தொப்பிக்குக் கீழே பழைய வாத்தியார் திரும்பி வந்தார். யாராவது அவரிடம் இலக்கணம் கேட்டு எத்தனை காலமோ.

“கேளும்.”

“அவை எண்ட சொல்லு ஆக்களைக் குறிக்குமோ?”

“ஒருபோதும் குறியாது. அவை என்பது அஃறிணைப் பன்மை. மனிதரை அவை என்பது பேச்சுவழக்கிலே புகுந்த பிழை. என் பாடசாலையில் எந்தப் பிள்ளையும் அப்பிழையைச் செய்யாது.”

“அப்ப, ‘அவை கரை சேரும்’ எண்டு பூமணி சொன்னது?”

“மனிதராயின் ‘அவர்கள் கரை சேர்வார்கள்’ என்றன்றோ வரும்? ‘சேரும்’ என்பது அஃறிணை முற்று. உயிருள்ள யப்பானியன் ஒருவன்கூட அந்த வாக்கியத்துக்குள் இருக்க முடியாது.”

மேசையில் தட்டிச் சொன்னார். கிளாக்கர் கனநேரம் எடுத்துத் துரைக்கு விளக்கினார். துரை பூமணியைப் பார்த்தார், நாயுருவியைப் பார்த்தார், ஏதோ கேட்டார். கிளாக்கர் மிக மரியாதையாகத் திரும்பினார்.

“இவ்வளவு திருத்தமான வசனத்தை எழுதினது ஆர் எண்டு துரை அறிய விரும்புறார்.”

“அடியேன்தான்” என்றார் பெரிய வாத்தியார்.

சொன்ன பிறகு வாயை மூட மறந்துவிட்டார்.

அன்று பின்னேரமே சின்னராசாவை விட்டார்கள். பாஸையும் கொடுத்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. இனி எந்தக் கதையும் பரப்பமாட்டேன் என்று அவரிடம் வாக்கு வாங்கினார்கள். கதையை எழுதியவரிடம் யாரும் வாக்கு வாங்கவில்லை. அவருடைய கைப்பட்டியும் அவரிடமே இருந்தது. பிறகு பல நாள் கடைத்தெருவில் யாராவது “அவை வருகினமாம்” என்று தொடங்கினால், “ஆர், தேங்காயோ?” என்று மற்றவர் கேட்பார். ஊர் சிரித்துச் சிரித்துப் பயத்தை மறந்துவிட்டது.

சித்திரை வருடப் பிறப்புக்குச் சில நாள் இருந்தது. ஒரு காலை நான் வகுப்புக்குள் நுழைந்து யன்னலைத் திறந்தேன். துறைமுகம் வெறிச்சோடிக் கிடந்தது. முந்தின நாள் நெருக்கியடித்து நின்ற கப்பல்களில் பாதிக்கு மேல் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு வரும் வழியெல்லாம் ஊர் அதைப் பார்த்திருக்கிறது. ஒருவர் வாய் திறக்கவில்லை. பெரிய வாத்தியாரும் பார்த்தார். பார்த்துவிட்டுப் பலகை நேராகத் தொங்குகிறதா என்று சரிபார்த்தார்.

அப்போது சின்னராசா வந்தார். இடுப்பில் ஈரச் சாரம், காலில் மணல். நேரே வகுப்புக்குள் வந்து பூமணியின் கையைப் பிடித்தார். வாசலில் பெரிய வாத்தியார் மறித்தார்.

“பாடவேளையில் பிள்ளையை அழைத்துச் செல்வதேன்? யாது நிகழ்ந்தது?”

“ஒண்டுமில்லை ஐயா. சும்மா.”

“காரணம் கூறாமல் அனுமதியேன்.”

“நான் கதை பரப்பிற ஆள் இல்லை ஐயா” என்றார் சின்னராசா. அவரைச் சுற்றிக்கொண்டு போனார். போகும்போது என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பொலிசில் வீங்கிய முகம் இன்னும் முழுதாக வற்றவில்லை. கடலில் எதையோ கண்டுவிட்டு வந்திருக்கிறார். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

“பிள்ளையள், எழும்புங்கோ. நாயுருவி பாக்கப் போறம்” என்றேன்.

என் வகுப்பு பற்றைக் காணிக்குள் ஓடியது. நான் அவர்களை வேலியில் நிற்பாட்டவில்லை. வேலியைக் கடந்து வடக்கே, சாம்பல்தீவுப் பக்கம் போகும் மணல் பாதையில் நடத்தினேன். அனுமதியில்லாமல் ஒரு வகுப்பே போவதைக் கண்ட பெரிய வாத்தியார் எங்களைத் திருப்பிக் கூப்பிட விசிலை ஊதிக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். விசில் கேட்டால் மற்ற வகுப்புகள் என்ன செய்யும்? பழக்கிவைத்தபடி வரிசையாக வெளியே வந்தன. வார்டன் ஓடுகிறார் என்று அவர்களும் பின்னால் ஓடினார்கள். அவர் ஊத ஊத அவர்கள் ஓட, முழுப் பள்ளிக்கூடமும் பற்றைக்குள் வந்து சேர்ந்தது.

“நில்லுங்கள்” என்று அவர் கத்திக்கொண்டிருந்தபோதுதான் வானம் இரைந்தது.

அதற்குப் பிறகு நடந்ததில் நான் நையாண்டி பண்ண ஒன்றும் இல்லை. நாங்கள் நாயுருவிக்குள் முகம் புதைத்துக் கிடந்தோம். நிலம் வயிற்றில் இடித்தது. துறைமுகத்துக்கு வேலைக்குப் போன சிலர் அன்று வீடு திரும்பவில்லை. அவர்களில் எங்கள் பிள்ளைகளின் தகப்பன்மாரும் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தின் கூரை முழுதாக உள்ளே விழுந்திருந்தது. எங்கள் பிள்ளைகள் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

முன்னறிவோடு பிள்ளைகளை வெளியேற்றியதற்காகப் பெரிய வாத்தியாரை ஒரு கூட்டத்தில் பாராட்டி மாலை போட்டார்கள். நானும் கைதட்டினேன். வருட முடிவில் என்னைப் பற்றி மேலிடத்துக்கு அவர் எழுதிய குறிப்பு: “மாணவரை அனுமதியின்றி வெளியே கொண்டு செல்லும் பழக்கம் உண்டு.” சின்னராசாவைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் எவரும் பேசவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. பேசினால் கதை பரப்பியதாகிவிடும்.

ஊர் கலைந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தைச் சாம்பல்தீவில் ஒரு ஓலைக் கொட்டிலுக்கு மாற்றினார்கள். முதல் நாள் நான் வரவு இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிட்டேன். பாதிப் பெயருக்குப் பதில் இல்லை. இருக்கிற பிள்ளைகள் பதில் சொன்னார்கள். “அவள் ஈச்சிலம்பற்றுக்குப் போட்டாள் ரீச்சர்.” “அவன்ர ஆக்கள் மூதூருக்கு வள்ளத்திலை போட்டினம்.” “அவை யாழ்ப்பாணம்.” “அவன் எங்கையெண்டு தெரியாது.” கொட்டிலின் மூலையில் பெரிய வாத்தியார் ஒரு பெட்டியின் மேல் இருந்தார். கைப்பட்டி இல்லை, தொப்பி பற்றைக்குள் எங்கோ விழுந்துவிட்டது. தலை அவ்வளவு சின்னது என்று எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

நான் இடாப்பை மூடினேன். படிப்பிக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. முன்வரிசையில் இருந்து பூமணி கை உயர்த்தினாள்.

“ரீச்சர், நாங்கள் அதிலை எந்த வகை?”

“எதிலை?”

“வித்துப் பாடத்திலை. காத்தாலை போறது, தண்ணியாலை போறது, உடுப்பிலை ஒட்டிப் போறது எண்டு படிச்சமே. நாங்கள் கடைசி வகை, என்ன? வெடிச்சுச் சிதறினது.”

மூலையில் பெட்டி நெரியும் சத்தம் கேட்டது. பெரிய வாத்தியார் எழும்பி நின்றார்.

“‘சிதறினது’ என்று வராது, பிள்ளை” என்றார். குரல் உடைந்திருந்தது. “அது அஃறிணை. நாங்கள் மனிதர். சிதறினோம்.”

அவருக்குக் கீழே எத்தனையோ வருடம் வேலை பார்த்தேன், எத்தனையோ திருத்தங்களோடு சண்டை பிடித்தேன். அந்த ஒரு திருத்தத்தை மட்டும் அன்றே கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளைப் பாடமாக்கச் சொன்னேன்.